ஓட்டையில்லாத பட்டன்கள்

அந்த ஹோமியோபதி கிளினிக்கில் அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுப்பதைக் கலந்து தருகிறவள். பதினேழு வருஷமாகப் புட்டியைச் சாய்த்துச் சாய்த்துச் சொட்டு எண்ணியவள். அதனால் நோயாளிகளுக்கு அவள் சொட்டக்கா. பத்து என்றால் பத்துதான், பதினோராவது சொட்டு புட்டி வாயை விட்டு இறங்காது. கை அவ்வளவு கட்டுப்பாடு.

வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போனதுதான் வினை.

அவள் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறையிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு சட்டையும் கால்சட்டையும் தைப்பவர். ஐந்து வருஷமாகச் சர்க்கரை. பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போன வருஷம் அதோடு நாவல் கொட்டையிலிருந்து எடுத்த சொட்டு மருந்தையும் சேர்த்தார்கள். கிளினிக் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: "இது துணைக்குத்தான். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது." அவளும் அதைத்தான் புருஷனிடம் சொன்னாள். இரண்டு வேளையும் மெஷின் மேஜைமேல் கால் டம்ளர் தண்ணீரில் பத்துச் சொட்டு, பக்கத்தில் மாத்திரை. வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போவாள். திரும்பி வந்தால் டம்ளர் காலி, மாத்திரையும் இருக்காது. இதற்குமேல் ஒரு பெண்டாட்டி என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

அவள் தம்பி மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். நாக்கில் நரம்பில்லாதவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டே ஆரம்பித்தான்.

"வேலை செய்யறது என் கடை மாத்திரை, பேர் வாங்கறது உன் சொட்டுத் தண்ணியா? ஊரை ஏமாத்தறதுக்குப் பதினேழு வருஷமா சம்பளம் தர்றாங்க பாரு மாமா, எங்க அக்காவுக்கு."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவள் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தையல்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார். பிறகு மெஷினுக்குத் திரும்பிப் போனார்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு அவர் கிளினிக்குக்கு வருவார். அவளே விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். அந்த மாதம் நூற்றுப் பன்னிரண்டு. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு: "எங்க வீட்டுக்காரரையே பாருங்களேன். சொட்டு ஆரம்பிச்சதிலேருந்து சர்க்கரை பெட்டிப் பாம்பா அடங்கிக் கிடக்கு." ஒரு நாள் டாக்டர் காதில் விழுந்து, "மாத்திரையும் சாப்பிடறார்ங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று கண்டித்தார். சொன்னாள். ஆனால் சொட்டைப் பற்றி வாய் நிறையச் சொன்னவள், மாத்திரையை முணுமுணுத்தாள்.

அவர் மெலிந்தார். தொப்பை கரைந்தது. தன் கால்சட்டைகளைத் தானே இரண்டு தடவை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டார். "என்னங்க, புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க, பொண்ணு பாக்கவா?" என்று அவள் சீண்டினாள். "பாரேன், உனக்கும் வீட்டுல ஒரு ஆள் இருந்தா ஒத்தாசையா இருக்கும்" என்று அவரும் சிரித்தார்.

தம்பி சாப்பிட வந்து போன ஒன்பதாவது மாதம் அவர் இடது பாதத்தில் ஒடிந்த ஊசி முனை ஒன்று ஏறியது. வலித்தால்தானே தெரியும்? உணர்ச்சி எப்போதோ செத்துவிட்ட பாதம். தெரிந்த பிறகும் அவர் துணியைச் சுற்றி மறைத்தார். வாடை காட்டிக் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது சர்க்கரை நானூற்று முப்பத்தெட்டு.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுவாரா?" என்று கேட்டாள் அறுவைச் சிகிச்சை டாக்டர்.

"ஒரு வேளை தவறினதில்ல டாக்டர். நானே எடுத்து வைக்கிறேன். எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்." ஒன்பது மாதமாகச் சர்க்கரை அளவு குறித்த நோட்டையும் நீட்டினாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டினாள். "இந்த நம்பருக்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா. சரி, முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். எடுத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டேன். அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. அதை எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தாள். மெஷின் டிராயரை வெடுக்கென்று இழுத்ததில் பட்டன் டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் வெள்ளைச் சட்டைப் பட்டன்கள். இந்த நேரத்தில் இது வேறா என்று குனிந்து அள்ளினாள். கையில் வந்ததில் பாதிக்கு ஓட்டை இல்லை. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் தினமும் இரண்டு வேளை எடுத்து வைத்த மாத்திரை.

எண்ணிப் பழகிய கை தானாக எண்ண ஆரம்பித்தது. முந்நூறு வரை எண்ணினாள். அதற்குமேல் முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டு, ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு நீ குழாயடியில அழுதியே," என்றார். "உன் தம்பிகிட்ட சொல்லணும்னு நெனச்சேன். பாருடா, உங்க அக்கா சொட்டு மட்டும்தான், உன் மாத்திரை ஒண்ணுகூட இல்லன்னு. ஒரு மாசம் நிறுத்திப் பாத்தேன். நூத்திப் பன்னெண்டு வந்துச்சு. எனக்கும் ஆச்சரியம்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஏறிடுச்சு. கடைத்தெரு லேப்புல தனியா போய்ப் பாத்தேன். அதுக்குள்ள நீ ஊரெல்லாம் சொல்லிட்ட. கிளினிக்குல உக்காந்திருக்கேன், யாரோ ஒரு அம்மா வந்து, சொட்டக்கா வீட்டுக்காரர் நீங்கதானான்னு கேக்குது. என்னத்தச் சொல்றது? சனிக்கிழமையிலேருந்தே பட்டினி கெடந்துட்டு வருவேன், நம்பர் நல்லா வரும்."

"மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சிருக்கலாமேங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஆரம்பிச்சா, கொறைஞ்சது அதாலன்னு எனக்குத் தெரியுமே. உன் முகத்தைப் பாத்து எப்படிச் சிரிப்பேன்? உன் சொட்டு தோத்துடக் கூடாதுன்னு பாத்தேம்மா."

"சொட்டு தோத்தா குடியா முழுகிடும்? நீங்க போனாத்தாங்க முழுகும்." அவள் குரல் உடைந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு டாக்டரைத் தேடிப் போய், தான் செய்யத் துணிந்த சத்தியம் பொய் என்று சொன்னாள்.

காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறியிருந்தது. நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

தம்பி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். "என் வாய்தான் காரணம்க்கா" என்று விம்மினான்.

"உன் வாய் ஒரு நாள் பேசிச்சுடா. என் வாய் ஒன்பது மாசம் பேசிச்சு," என்றாள். அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது, வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போனாள். முதல் ஆளாக வந்தவர் ஒரு லாரி டிரைவர். வெகுநாளாக வெளியூர் ஓட்டத்தில் இருந்தவர், அவருக்கு எதுவும் தெரியாது.

"சொட்டக்கா, மருந்து தீந்து போச்சு. உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எவ்வளவு இருக்கு?"

"இறந்துட்டார்ங்க. மாத்திரையை நிறுத்திட்டு இதை மட்டும் சாப்பிட்டார். நான் சொன்ன கதையெல்லாம் பொய். எனக்கே தெரியாத பொய்."

டிரைவர் மெதுவாகச் சட்டைப் பையைத் தொட்டார். "நானும் ஒரு வாரமா மாத்திரையை விட்டுட்டேன்க்கா. நீங்க சொன்னதைக் கேட்டுத்தான்."

"கையில இருக்கா?"

"இருக்கு."

"டாக்டர் உள்ளதான் இருக்கார். விட்டதை அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

அவர் உள்ளே போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். "அவர் போடச் சொன்னாரில்ல? இங்கேயே போடுங்க. என் கண்ணு முன்னாடி."

அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயைத் திறங்க," என்றாள். சின்னப் பிள்ளைபோல அவர் திறந்து காட்டினார். நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். பிறகு சொட்டுப் புட்டியை எடுத்தாள். கண்ணீர் மறைத்ததால் எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.