முறைக்காய்ச்சல்

கடல்தாண்டி வந்த பாலைவெங்காற்று பலேர்மோ நகரின்மேல் விடியலிலேயே கவிந்து, துறைமுகத்தையும் கோயில் மாடங்களையும் செம்புழுதியால் மூடி, வுச்சீரியா அங்காடியில் பனிக்கட்டிமேல் கிடந்த மீனுக்கும் வியர்க்கும்படி செய்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டின் ஆடித்திங்கள் நாளொன்று அது. தமிழறிந்த அன்பரே, அந்நகரில் அன்று குளிரால் நடுங்கியவள் ஒருத்தியே.

அவள் மன்னாரில் பிறந்த துறவுக்கன்னி மரியமலர். பசிபிக் பெருங்கடலின் சொலமன் தீவொன்றில், மலையூரார்க்கென மருந்துக்குடில் நடத்தி, அங்கே பற்றிய காய்ச்சலைத் தீர்த்துக்கொள்ள இந்நகரத்துக் கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டவள். துணைக்கன்னி அகத்தா அத்தீவில் தனித்திருந்தாள். மரியமலர் நலம்பெற்றுத் திரும்பாவிடில், ஒருத்தியைத் தனியே விடலாகாதென அகத்தாவும் அழைக்கப்படுவாள். மழைக்கு முன்னே குடில் பூட்டப்படும். ஆகவே, காய்ச்சல் நின்றுவிட்டதென வாய்கூசாமல் சொல்லி வந்தாள். அதுவோ ஒருநாள் விட்டு ஒருநாள் முற்பகலில் தவறாமல் வந்தது. திரும்பிச்செல்ல இசைவு வேண்டி, காய்ச்சலில்லா நாள் பார்த்தே சபைத்தலைவியைக் காண நேரம் கேட்டிருந்தாள். தலைவியோ ஒருநாள் முந்தியே நேப்பிள்சுக் கப்பலில் வந்திறங்கிவிட்டார்.

மடத்து அடுக்களையில் சமைக்கும் எமிலியானாவும் மன்னார்க்காரியே. அவள் கண்ணை ஏய்க்க முடியவில்லை.

"சிஸ்டர், ஊரே வெந்து கிடக்குது, உங்களுக்குப் பல்லுக் கிடுகிடுக்குது. இண்டைக்கு முறையெல்லே?"

"ஓம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். மத்தியானம் மட்டும் தாங்கினால் காணும்."

"பொய் சொல்லிப் போய் அங்கை விழுந்தால், உங்களை ஆர் பாக்கிறது?"

மரியமலர் தலைவியின் அறைநோக்கி நடந்தாள்.

தலைவி விசிறியபடி கேட்ட வினாக்களுக்கெல்லாம், கைகளை அங்கிக்குள் ஒடுக்கி, தாடையை இறுக்கி விடையளித்தாள். அன்று மாலைக் கப்பலிலேயே புறப்பட இசைவு கிடைத்தது. அப்போது தலைவி எழுந்து, "மண்டியிடு, மகளே" என்றார். தொலைவூர்ப் பணிக்குச் செல்வோரின் நெற்றியில் தலைவி தம் பெருவிரலால் சிலுவை வரைவது அம்மடத்து வழக்கம். எல்லாம் எண்ணியவள் இதனை எண்ணியிருக்கவில்லை. நெற்றியோ அனலாய்க் கொதித்தது.

விரல் நெருங்கியது. மகனின் காய்ச்சலை ஏச்சுக்கு அஞ்சி மறைத்துவைத்து, காலந்தாழ்த்திச் சுமந்துவந்து, குடில் வாயிலிலே அவனை இழந்த தீவுத்தாயின் முகம் மரியமலர் கண்முன் வந்தது. "ஏன் மறைத்தாய்?" என்று அவளைக் கடிந்தவளும் இவளே. தாங்கமாட்டாமல் தலைவியின் கையைப் பற்றினாள்.

"தொடாதீர்கள், அன்னையே. காய்ச்சல் இருக்கிறது. நான் பொய் சொன்னேன்."

தலைவி குனிந்து அவள் முகத்தை நோக்கினார். "அகத்தாவையும் அழைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்துதான் சொல்கிறாயா?"

"தெரிந்துதான்."

பின்னர் அப்பெருவிரல் தயங்காமல் இறங்கி, அக்கொதிக்கும் நெற்றியில் சிலுவை வரைந்தது.

மாலையில் கப்பல் அவளின்றிப் புறப்பட்டது. எமிலியானா போர்த்திய கம்பளிகளின் கீழே மரியமலர் அடக்காமல் நடுங்கினாள், அடக்காமல் அழுதாள். தொலைதூர மலையில் ஒரு கதவு தன் பொருட்டுப் பூட்டப்படுமென்பதை அவள் என்றும் மறக்கப்போவதில்லை. ஆயினும் அன்பரே, அக்கதவருகே நின்று "நோயை மறைக்காதீர்கள்" என்று தாய்மாரை வேண்டிய வாய், அன்று தன் சொல்லைத் தானே காத்துக்கொண்டது.