குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறவள்

போன் அக்காவுக்குக் கொஞ்ச நாளாகவே எதைக் கண்டாலும் குமட்டியது. வெந்த சோற்றின் ஆவி முகத்தில் பட்டால் குமட்டல். பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரரின் தலையெண்ணெய் வாசம் வந்தால் குமட்டல். கைப்பேசி மணி அடித்தால் எல்லாவற்றையும்விடப் பெரிய குமட்டல். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவளைப் பார்த்து, "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார் புருஷன்.

"பொண்ணு கல்யாண வயசுல நிக்கறா, இவருக்கு விசேஷம் கேட்குது. வாயை மூடிட்டு சாப்பிடுங்க."

"வாயை மூடிட்டு எப்படிம்மா சாப்பிடறது?"

முன்பென்றால் சிரித்திருப்பாள். இப்போது அதுவும் வரவில்லை.

வீட்டு வேலை செய்கிறவர்களின் சங்கத்தில் புகார் போனை எடுப்பதுதான் அவள் வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை அதே கதைதான். ஒருத்திக்கு நாய்க்கு வைத்த தட்டிலேயே சோறு. ஒருத்திக்குப் படுக்கை கழிப்பறை வாசலில். இன்னொருத்தி, "ஐயா தண்ணி கொண்டு வரச் சொல்லிக் கையைப் பிடிக்கிறாருக்கா" என்று சொல்லிவிட்டு, தானே ஏதோ தப்புச் செய்ததுபோல மன்னிப்புக் கேட்பாள். கேட்கிறவளுக்கு ஊர் அழுக்கெல்லாம் காது வழியே இறங்கி வயிற்றில் தங்கிவிடும். அதைக் கொட்ட ஓர் இடம் வேண்டாமா?

சங்கத்து ஆபீசில் அப்படி இடமில்லை. அங்கே களைப்புக்கே ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. "நேத்து மத்தியானம் சாப்பிடவே இல்லை" என்று ஒருவர் ஆரம்பித்தால், "நேத்துதானா?" என்பார் இன்னொருவர். போட்டியில் எப்போதும் முதலிடம் செயலாளருக்குத்தான். அந்த அம்மாளுக்குத் தூங்காமணி என்று சங்கத்து வக்கீல் பேர் வைத்திருந்தார், முதுகுக்குப் பின்னால்தான். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அந்த அம்மாள் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிவார். யாராவது சினிமாவுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டால் போச்சு, கொலைக்குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். போன் அக்கா ஒருநாள் டீ கப்புகளைக் கழுவிக்கொண்டே பாடியதற்கு, "அங்க ஒருத்தி அடி வாங்கிட்டு நிக்கறா, இங்க உங்களுக்குப் பாட்டு கேட்குதா?" என்று ஒரே போடாகப் போட்டார். அன்றோடு பாட்டு நின்றது. கப்பு கழுவுவதும் நின்றது. தொட்டியில் பாசி பிடித்த கப்புகள் குவிந்தன. சமூக நீதிக்காக உழைக்கிற ஆபீசில் குடிக்கச் சுத்தமான ஒரு டம்ளர் கிடையாது. இந்த லட்சணத்தை எங்கே போய்ச் சொல்ல!

அழைப்பவர்களில் ஒருத்தியைப் போன் அக்கா மனசுக்குள் குழாய்க்காரி என்று வைத்திருந்தாள். அவள் பேசும்போதெல்லாம் பின்னால் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். பேச்சு வெளியே கேட்காமலிருக்க அவள் செய்துகொண்ட ஏற்பாடு அது. பேர் சொல்ல மாட்டாள், வேலை செய்கிற வீடு எங்கே என்றும் சொல்ல மாட்டாள். வார லீவு கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது, இதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். கடைசியாகப் பேசியபோது, "பள்ளிக்கூடத்துல என் பொண்ணு நாடகத்துல காக்காவா நடிக்கிறாக்கா. சனிக்கிழமை. கறுப்புத் துணியில ரெக்கைகூடத் தைச்சுக் குடுத்துட்டேன். நான் வந்தாத்தான் கத்துவேங்கறா" என்றாள்.

"அப்போ லீவு கேளுங்க. அது உங்க உரிமை."

"கேட்கப் பயமா இருக்குக்கா."

அந்த நிமிஷம் போன் அக்காவுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "லீவு கேட்கக்கூட வாய் இல்லைன்னா எங்களுக்கு எதுக்கும்மா போன் பண்றீங்க? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் அவங்க ஏறி மிதிக்கறாங்க" என்று கத்திவிட்டாள். அந்தப் பக்கம் குழாய் நின்றது. பிறகு போனும் நின்றது. போன் அக்கா கையிலிருந்த போனையே வெறித்துப் பார்த்தாள். அடித்தவர்கள்மேல் வரவேண்டிய அருவருப்பு அடிபட்டவள்மேல் வந்துவிட்டது. அப்புறம் அது சுற்றி வந்து தன்மேலேயே விழுந்தது. இனி இந்த நாற்காலியில் உட்காரத் தனக்கு யோக்கியதை இருக்கிறதா? அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்கார அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. சங்கத்து ஆபீசுக்கு வாடகை வாங்காமல் அறை கொடுத்திருக்கிற மகராசி. எந்தக் கூட்டத்துக்கும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, ஏழைகள் என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "நீங்கல்லாம் உழைச்சு உழைச்சு ஓடாத் தேய்ஞ்சிட்டீங்க. இந்தச் சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. ஒரு நாளாவது உங்களை நீங்களே கவனிச்சுக்குங்க" என்று கூப்பிட்டிருந்தார். அறை கொடுத்தவர் கூப்பிட்டால் போகாமலிருக்க முடியுமா? தூங்காமணியே வந்தார், ஓய்வெடுக்க வேண்டிய கொடுமையை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு.

வீடு பளபளவென்றிருந்தது. கூடத்தில் மெத்தை விரித்து, வாசனை மெழுகுவத்தி ஏற்றி, தண்ணீர் சலசலக்கிற சத்தத்தை ஒரு பெட்டியில் ஓடவிட்டிருந்தார்கள். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து வீட்டுக்கார அம்மா கைகூப்பினார்.

"இங்க ஒரே ஒரு விதிதான். உங்க மனசுக்கு எது சந்தோஷமோ அதை வாய்விட்டுக் கேட்கணும். யார் எதைக் கேட்டாலும் இன்னைக்கு யாரும் இல்லைன்னு சொல்லக் கூடாது. நானும்தான்."

வக்கீல் உடனே, "அப்போ எனக்கு ரெண்டு ஐஸ்கிரீம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தூங்காமணி, "எனக்கு எதுவும் வேண்டாம். வெறும் தண்ணி போதும்" என்று இங்கேயும் முதலிடம் பிடித்தார். மெழுகுவத்தியின் தித்திப்பு வாசம் போன் அக்காவின் தொண்டையில் போய் அடைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து சமையலறைப் பக்கம் ஓடினாள்.

அங்கே ஒரு பெண் நின்றுகொண்டே பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி ஒன்றையும் காணோம். எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரங்கள் தொட்டியில் கழுத்து வரை கிடந்தன. மேலே மிதந்த கொழுப்பு ஆடை கட்டியிருந்தது. சுவரில் சங்கத்தின் நோட்டீஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. "உங்களுக்கு உரிமை உண்டு. கூப்பிடுங்கள்." கீழே போன் அக்காவின் நம்பர்.

"கொஞ்சம் தண்ணி கொடும்மா. வயித்தைப் புரட்டுது."

அந்தப் பெண்ணின் கத்தி பாதிப் பழத்தில் நின்றது. தண்ணீர் ஜாடி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவள் அதைத் தொடவில்லை. போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"போன் அக்காவா?"

போன் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் குரலைத்தான், இதே குழாயோடு சேர்த்து, எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"நீங்க திட்டினதுக்கப்புறம் கேட்டுட்டேங்கக்கா, லீவு" என்றாள் அவள். குரலில் குற்றம் சொல்கிற தொனிகூட இல்லை. "சனிக்கிழமை விருந்தாளிங்க வராங்க, முடியவே முடியாதுன்னுட்டாங்க. ரொம்ப முக்கியமானவங்களாம். ஏழைபாழைங்களுக்காக உழைச்சுக் களைச்சுப் போனவங்களாம்."

"ஏம்மா, இந்த வீடுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"யார்கிட்டக்கா சொல்றது? உங்க ஆபீசே அவங்க கொடுத்த அறை. இந்த நோட்டீசை ஆணி அடிச்சு மாட்டினதும் அவங்கதான். சொன்னா நீங்க அவங்ககிட்டயே சொல்லிட்டா, என் பொழைப்பு என்னாகறது?"

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான். அதைவிடக் கேவலம், இன்றைக்கு அந்தத் தொட்டிலில் காலை நீட்டிப் படுக்க வந்திருப்பது இவர்கள். சீ! போன் அக்காவுக்கு அங்கேயே வாந்தி எடுத்துவிடலாம்போல இருந்தது. வாசனை மெழுகுவத்தி, மெத்தை, வக்கீலின் ஐஸ்கிரீம், எல்லாவற்றின்மேலும் எடுக்கலாம்போல இருந்தது.

"நாடகம் எப்போ?"

"மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும். இப்பக் கிளம்பினா பஸ் பிடிச்சுப் போயிடலாம். விடுங்கக்கா, விதிச்சது அவ்வளவுதான். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கூடத்துக்குப் போய்க் கிழி கிழியென்று கிழிக்கத்தான் போன் அக்காவுக்குக் கால் துடித்தது. ஆனால் கிழித்தால், அழைத்தவள் யாரென்று தெரிந்துவிடும். சங்கத்து போனில் பேசியவளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. தன் கோபத்தைத் தணித்துக்கொள்ள இன்னொருத்தி சோற்றை இழக்க முடியுமா? முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா, தேன் ஒழுக. "உங்களுக்கு எது சந்தோஷம்?"

"பாத்திரம் கழுவறதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். போன் அக்கா சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான். பாடிக்கிட்டே பாத்திரம் கழுவினாத்தான் எனக்கு மனசு லேசாகும். பாடி ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு உங்க சமையலறை எனக்கு வேணும். தனியா. வேற யாரும் அங்க இருக்கக் கூடாது."

வீட்டுக்கார அம்மாவின் முகம் திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் ஆனது. கத்தவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "விருந்தாளி போய்ப் பாத்திரம் கழுவறதா?" என்று இழுத்தார்.

"இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சரி சரி. அப்போ அவ மாடியில போய்த் துணி மடிக்கட்டும்."

போன் அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. வக்கீலைப் பார்த்தாள். அவர் ஐஸ்கிரீம் கிண்ணத்திலிருந்து கண்ணை உயர்த்தி அவளையும் சமையலறை வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். கோமாளிதான், ஆனால் கோர்ட்டில் சாட்சியின் கண்ணைப் படித்துப் பழகிய ஆள்.

"துணியா?" என்றார். "ஐஸ்கிரீமை வாபஸ் வாங்கிக்கறேன். துணி மடிக்கறதுன்னா எனக்கு உசிரு. வீட்டுல மனைவி விடவே மாட்டேங்கறா, ஓரம் கோணிடுதாம்."

"அப்போ நாயை வெளியில கூட்டிட்டுப் போகட்டும்." வீட்டுக்கார அம்மாவின் குரலில் தேன் வற்றிப் போயிருந்தது.

தூங்காமணி போன் அக்காவின் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். ஆபீஸ் அறை போய்விடும், சும்மா இரு என்று அர்த்தம். போன் அக்கா திரும்பி அவர் காதருகே, "காக்கா வேஷம் போட்டுட்டு ஒரு குழந்தை வாசலைப் பார்த்துட்டு நிக்கும். அவங்கம்மா இங்க நமக்குப் பழம் வெட்டறா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தூங்காமணியின் கருவளையம் துடித்தது. நாய் என்றாலே தெருவின் எதிர்ப்பக்கம் தாண்டி நடக்கிற பெண்மணி அவர். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். "எனக்கு... நாயின்னா... ரொம்பச் சந்தோஷம்."

"அப்புறம் அவ என்னதான் பண்ணுவா?" என்று கேட்டுவிட்டார் வீட்டுக்கார அம்மா.

"அவங்களையே கேளுங்களேன்" என்றாள் போன் அக்கா. "விதி எல்லாருக்கும்தானே?"

சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்ற பெண் தரையைப் பார்த்தாள். எல்லார் கண்ணும் அவள்மேல். வாயே திறக்க மாட்டாளோ என்று போன் அக்கா பயந்தாள். பிறகு குழாய்ச் சத்தம் எதுவும் இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி, அந்தக் குரல் வந்தது.

"பொண்ணோட பள்ளிக்கூடத்துக்குப் போகணும்மா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் கதவுகூடச் சாத்தப்படவில்லை.

அதற்குப் பிறகு கூடத்தில் யாருக்கும் ஓய்வெடுக்க முகமில்லை. போன் அக்கா கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். கொழகொழவென்று கொழுப்பு, அடியில் ஊறிப்போன ரொட்டித் துண்டு, அடைப்பில் ஒரு கொத்துத் தலைமயிர். வேறு நாளென்றால் குடல் வாய்க்கு வந்திருக்கும். இன்றைக்கு என்னவோ வரவில்லை. இந்த அழுக்காவது தேய்த்தால் போகிற அழுக்கு. மாடியில் வக்கீல் துணியோடு மல்லுக்கட்டுகிற சத்தமும் தெருவில் தூங்காமணி, "ஐயோ, நில்லுடா! டேய், நில்லுங்க!" என்று நாய்க்கு மரியாதை கொடுத்துக் கதறுகிற சத்தமும் கேட்டன. போன் அக்காவின் தொண்டையில் ஏதோ ஒரு பழைய பாட்டு தட்டுத்தடுமாறிக் கிளம்பியது.

பாட்டின் நடுவில் வீட்டுக்கார அம்மா வந்து நின்றார். "எனக்கு ஒண்ணும் புரியலைன்னு நினைக்காதீங்க. என் வீட்டுக்கே வந்து, என் மூக்கையே அறுத்துட்டீங்க. எவ்வளவு செஞ்சிருக்கேன் உங்களுக்கெல்லாம்! ஆபீஸ் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

போன் அக்கா பதில் சொல்வதற்குள் பின்வாசலில் தூங்காமணி வந்து நின்றார். புடவைத் தலைப்பு நாயின் வாயில் இருந்தது, முகமெல்லாம் வேர்வை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"குடுத்துத் தொலைங்க" என்றார். "மரத்தடியில உட்கார்ந்தும் போன் எடுக்கலாம்." பிறகு வீட்டுக்கார அம்மா பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை அவங்க வேலைக்கு வருவாங்க. வார லீவு பத்திப் பேச நாங்களும் வருவோம். அந்த நோட்டீசைக் கழட்டிடாதீங்க, அதைப் பார்த்துத்தான் பேசப் போறோம்" என்றார்.

வீட்டுக்கார அம்மா விறுக்கென்று திரும்பிப் போனார். தூங்காமணி ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஏங்க, நிறுத்திட்டீங்க? பாடுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்தவர் அப்படியே தூங்கிப் போனார். நாய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

கடைசிப் பாத்திரத்தை அலசும்போது போன் மணி அடித்தது. போன் அக்கா ஈரக்கையோடு எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா, கேட்டுட்டுதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். கைதட்டல், நாற்காலி இழுபடுகிற சத்தம், பத்துப் பிள்ளைகளின் கூச்சல். அவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண் ஊருக்கே கேட்கிறமாதிரி சிரித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். இங்கே தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

போன் அக்கா குழாயை மூடினாள்.

"கா... கா... கா..." என்றது ஒரு குழந்தை.