குமிழ் திரும்பியிருந்தது

1

போன மாதம் ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு பெண்மணி என்னை வழிமறித்து, "நீங்க பேஸ் கிட்டார் மாரிமுத்துதானுங்களே?" என்று கேட்டார். "இல்லீங்க, ஆள் மாறிப்போச்சு" என்றேன். சொன்ன கையோடு, எனக்கு எந்த வேலையும் இல்லாத பாகலூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கதை பிறந்தது அந்த பஸ்ஸில்தான்.

அவர் நாராயணம்மா, திம்மராயனின் மனைவி. பதினோரு வருடம் கழித்தும் என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார்.

நான் மாரிமுத்து இல்லை என்று சொல்லிவிட்டதால், இந்தக் கதையில் வரும் மாரிமுத்துவை 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். அவன் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எடுத்துக்கொள்வதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "1986ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி மைதானத்தில்—"

செய்தி வாசிப்பது போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "திம்மராயன் எவரையும் நம்பாத மனிதர். அவருடைய—"

பொய். ஆரம்பத்தில் அவர் எல்லாரையும் நம்பினார். மேடையோரம் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் கிட்டாரைக் கொடுத்து, "இத கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவர் அவர்.

இனி முயற்சி வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

3

திம்மராயன் கெலவரப்பள்ளிப் பக்கத்துக்காரர். நாற்பதை நெருங்கும் வயது. சிப்காட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பத்து வருடமாக ஆபரேட்டர். ஆறு பிரஸ்கள் ஒரே கூரைக்குக் கீழே விடாமல் இடிக்கும். ஞாயிறுகளிலும் விசேஷ நாட்களிலும் அவர் ராஜப்பனின் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். ராஜப்பன் கீபோர்டு வாசிப்பார். ஒவ்வொருவர் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியும் அவர் கையோரம்தான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த மாரிமுத்து பேஸ் கிட்டார்.

கீபோர்டும் டிரம்ஸும் எழும்பிவிட்டால் திம்மராயனின் விரல்கள் ஆடுவது மட்டும் தெரியும். கிட்டார் யார் காதிலும் விழாது. அதைச் சரிசெய்தவன் சம்பங்கி. தளி ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். திம்மராயனுக்குச் சிறுவயதுக் கூட்டாளி. பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி, காலால் மிதிக்கிற சுவிட்ச். எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் அடைத்து, கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் மாட்டிவிட்டான். ட்ரெபிள் பூஸ்டர் என்றான்.

"கெபாசிட்டர் சின்னது அண்ணய்யா. தடிச் சத்தத்த வாசல்லயே நிறுத்திரும். மெல்லிசுச் சத்தம் மட்டும் உள்ள போயி, பெரிசாயி வரும்."

ஆயுத பூஜைக் கச்சேரியில் அவர் அதை மிதித்தார். அதுவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசிய கிட்டார், போர்வையை உதறிவிட்டு எழுந்து நின்றது. பொரிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த தொழிலாளிகள் கையை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்கள். திம்மராயன் மாரிமுத்துவின் பக்கம் திரும்பி, பல் தெரியச் சிரித்தார்.

(இந்த இடத்தில் மாரிமுத்து பொறாமைப்பட்டான் என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.)

4

ஆறு மாதத்தில் சத்தம் மங்கிப்போனது. மங்கியதாகத் திம்மராயன் சொன்னார்.

சம்பங்கியின் கடைக்குப் போய் டப்பாவை மேசைமேல் வைத்தார். "உள்ள இருந்தத மாத்திட்டயா?"

"நா என்னாத்துக்கு மாத்தறன்? நீயே பாரு, அதே சாமான்தான்."

"அப்ப ஏன் மொண்ணையா கேக்குது?"

இன்னும் சின்ன கெபாசிட்டர் போடச் சொன்னார். சம்பங்கி போட்டுக் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து நின்றார். அதையும் விடச் சின்னது வேண்டும்.

"அண்ணய்யா, இதுக்கு மேல போட்டா நாய்ங்களுக்குத்தான் கேக்கும்."

திம்மராயன் சிரிக்கவில்லை. சம்பங்கி நல்ல டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு வேறு எதையோ வைத்துவிட்டான் என்று நினைத்தார். ராஜப்பன் மிக்சரில் தன்னைக் குறைக்கிறார் என்று நினைத்தார். கேன்டீனுக்குள் தான் நுழைந்ததும் ஆட்கள் குரலைத் தாழ்த்துவதாகப் பட்டது. வீட்டில் நாராயணம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பதாகப் பட்டது.

"வாய்க்குள்ளயே என்னா பேசற? நேரா பேசு."

"நேராத்தான் பேசறன். எத்தினி வாட்டி சொல்றது, தண்ணி காஞ்சிருச்சுன்னு!"

(நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரஸ் ஷாப்காரர்கள் எல்லாருமே உரக்கத்தான் பேசுவார்கள், இரண்டு தடவை கேட்பார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டவனை "என்னாடா, ஜலதோஷமா?" என்று கேலி செய்வார்கள். அது அங்கே ஒரு வியாதியாகத் தெரியவில்லை.)

5

1987 மே மாதம் பர்கூரில் ஒரு கிரானைட் காண்ட்ராக்டர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. கச்சேரி தொடங்குவதற்கு முன் திம்மராயன் மாரிமுத்துவை மட்டும் தனியே கூப்பிட்டார். ஆம்ப்ளிஃபையரின் ட்ரெபிள் குமிழை முழுதாகத் திருகி வைத்து, நாராயணம்மாவின் சிவப்பு நகப்பூச்சால் குமிழிலிருந்து பலகைவரை ஒரே கோடாக இழுத்திருந்தார்.

"எவன் கை வெச்சாலும் கோடு காட்டிக் குடுத்துரும். உங்கிட்ட மட்டும்தான் மாரி சொல்றன்."

மூன்றாவது பாட்டில் முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பாடகி ராஜாத்தி மைக்கை விட்டு விலகி வந்து, "அண்ணா, கொஞ்சம் கொறைங்கண்ணா. காதுல ஊசி ஏத்தறாப்பல இருக்குது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. திம்மராயன் தலையாட்டினார், எதையும் குறைக்கவில்லை. அவள் ஏதோ பாராட்டியதாக நினைத்திருப்பார்.

இடைவேளை விட்டார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், குமிழ் திரும்பியிருந்தது. சிவப்புக் கோடு இரண்டு துண்டாக நின்றது.

சம்பங்கி அன்று கச்சேரி கேட்க வந்திருந்தான். திம்மராயன் போய் அவன் சட்டையைப் பிடித்தார். "நீதான? பொட்டியிலயும் கை வெச்ச, இதுலயும் கை வெச்சிட்ட!"

பயத்தில் சம்பங்கி வீட்டுப் பேச்சான தெலுங்குக்குப் போய்விட்டான். "காது அண்ணய்யா! காது!"

தெலுங்கில் அதற்கு 'இல்லை, அப்படியில்லை' என்று அர்த்தம். தெற்கத்திக்காரனான மாரிமுத்துவுக்கு அது தமிழாகவே விழுந்தது. யார் காது என்று யோசித்தான். பிறகு திம்மராயனைப் பார்த்தான். ராஜாத்தி சொன்னது, கேன்டீன், முணுமுணுப்பு எல்லாம் அந்த ஒரு கணத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது: மங்கியது டப்பா இல்லை, பத்து வருடம் பிரஸ் இடித்த திம்மராயனின் காது; மெல்லிசுச் சத்தம்தான் அதற்கு முதலில் எட்டாமல் போயிருக்கிறது.

(கதைக்காக நான் இட்டுக்கட்டியது போலத் தெரியும். இதையாவது நம்புங்கள், மற்றதில் வேண்டுமானால் சந்தேகப்படுங்கள்.)

6

மேலே "குமிழ் திரும்பியிருந்தது" என்று எழுதியிருக்கிறேன். நான்கு வரைவு எழுதினேன்; நான்கிலும் அந்த வாக்கியம் அப்படியேதான் வந்தது. தமிழில் இது ஒரு சௌகரியம். திருப்பினான் என்றால் யார் என்று கேட்பார்கள். திரும்பியிருந்தது என்றால் யாரும் கேட்பதில்லை.

மாரிமுத்து திருப்பினான்.

ராஜாத்திக்காகத் திருப்பினேன் என்றுதான் அவன் இத்தனை வருடமும் சொல்லிவந்தான். அவள் கண் கலங்கியது நிஜம். ஆனால் அவளுக்காக என்றால் கொஞ்சம் குறைத்திருந்தால் போதும். அவன் அடிமட்டத்துக்குத் திருகினான். கோடு இருப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தவன் தொடுவான் என்று திம்மராயன் நினைக்கவே மாட்டார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

7

இரண்டு வாரம் கழித்துத் திம்மராயன் பெங்களூரிலிருந்து நாராயணம்மாவுக்கு ஒரு டிஜிட்டல் வாட்ச் வாங்கி வந்தார். மணிக்கு ஒருமுறை கீச்சென்று அடிக்கும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். அடிக்கவில்லை. ஏமாற்றிவிட்டான், திருப்பிக் கொடுக்கிறேன் என்று குதித்தார்.

"அடிக்குதே" என்றார் நாராயணம்மா. "இப்பக்கூட அஞ்சுக்கு அடிச்சுது."

அவர் வாட்சைக் கட்டில்மேல் போட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீ யாரு பக்கம்?" என்றார்.

மறுநாள் மாரிமுத்துவுக்குச் சொல்லியனுப்பினார். போனான். வாட்ச் கட்டில்மேல் இருந்தது. ஆறு மணிக்கு ஒரு நிமிடம் பாக்கி.

"எல்லாரும் ஒண்ணு சேந்துக்கினாங்க மாரி. இவளையும் சேத்துத்தான் சொல்றன். நீ ஒருத்தன்தான் பாக்கி. இது அடிக்குதா இல்லையான்னு நெசத்த சொல்லிரு."

நாராயணம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு ஆனது. வாட்ச் இரண்டு முறை கீச்சிட்டது.

"அடிச்சுதா?"

8

முடிவு, ஒன்று: "அடிச்சுதுண்ணே" என்கிறான் மாரிமுத்து. திம்மராயன் உடைந்துபோய் உட்கார்கிறார். பிறகு டாக்டரைப் பார்க்கிறார். பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்கிறார். தளி ரோட்டுக்குப் போய்ச் சம்பங்கியின்—

நல்ல முடிவு. நடக்கவில்லை.

நடந்தது: "இல்லண்ணே" என்றான்.

நாராயணம்மா அவனைப் பார்த்தார்.

திம்மராயன் அதற்கப்புறம் சம்பங்கியின் கடைப்பக்கம் போகவில்லை. குழுவை விட்டார். ராஜப்பன் இரண்டு முறை வீடுதேடி வந்தும் முகம் கொடுக்கவில்லை. பிரஸ்ஸில் மட்டும் இன்னும் ஆறு வருடம், காதில் ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லாமல் நின்றார். கடைசியில் நாராயணம்மா அவரிடம் எதையும் கையால் காட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மாரிமுத்து லீட் கிட்டார் ஆனான்.

இதோடு முடித்திருப்பேன். எழுத எழுத ஒன்று உறுத்துகிறது. அந்த ஒரு நிமிடமும் திம்மராயன் வாட்சைப் பார்க்கவில்லை, மாரிமுத்துவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு, கீச்சென்றபோது, மாரிமுத்துவின் கண் வாட்சின் பக்கம் ஓடித் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவன் "இல்லண்ணே" என்றான். கண் ஓடியதை அவர் பார்த்தாரா? பார்த்திருந்தால், அவர் அன்று சோதித்தது வாட்சை இல்லை.

அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் எழுந்துபோய், சம்பங்கி செய்த அந்தத் தகர டப்பாவை எடுத்து வந்தார். "இந்தா. இனிமே இது ஒனக்குத்தான் வேணும்" என்று நீட்டினார். குரலில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. தன் குரல் எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே தெரியாத காலம் அது. குரலை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நம்பிக் கொடுத்தாரா, தெரிந்து கொடுத்தாரா? என்னால் எழுத முடியவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.