மொட்லாட்சி அறுத்த மரு

லெசேலி என்ற அந்தச் செந்நிறக் குதிரையின் கண்ணோரம் மிளகளவு மரு முளைத்ததை முதலில் பார்த்தவன் மொட்லாட்சிதான். குதிரை அவன் அண்ணனுடையது. அண்ணன் எல்லை தாண்டிச் சுரங்க வேலைக்குப் போயிருந்ததால் அண்ணி மாபுலேங் அதைப் பராமரித்தாள். லெசோத்தோ மலையில் குளிர்காலப் பந்தயம் என்றால் லெசேலிதான். மொட்லாட்சியின் கறுப்புக் குதிரை மூன்று வருடமாக அதன் வாலைப் பார்த்தே ஓடியது.

கால்நடை டாக்டர் கமோஹெலோ வந்த அன்று அண்ணி வயலில் இருந்தாள். மொட்லாட்சி குதிரையைப் பிடித்துக் காட்டினான்.

"இது மாட்டு மருவோட வைரஸ். ஈ கொண்டாந்து ஒட்டியிருக்கும். குதிரை ஒடம்புல ஏறினா புத்துக்கட்டியாயிடும்," என்றார் டாக்டர். "இப்ப சும்மா கெடக்கு. கத்தி மட்டும் வெச்சிடாதீங்க, வெறி புடிச்ச மாதிரி வளரும். அடுத்த மாசம் மருந்தோட வரேன். அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் டாக்டர்."

சொல்லவில்லை. மறுநாள் காலை உள்ளங்கையில் உப்பு வைத்துக் கூப்பிட்டான். குதிரை வந்தது. தலையைக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டி, சவரக் கத்தியால் மருவை அறுத்தான்.

"அசிங்கமா இருந்துச்சு அண்ணி. எடுத்துட்டேன்."

அவள் நெகிழ்ந்துபோனாள். சோளத்தில் காய்ச்சிய பீரை ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். "ஒங்க அண்ணன் இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாரு தம்பி."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.

அறுத்த இடத்தில் சதை காலிஃப்ளவர் போலப் பூத்தது. சீழ் வடிந்தது. கண் மூடிப்போயிற்று. கடிவாளம் மேலே பட்டாலே லெசேலி அலறியது. பந்தயத்தில் கறுப்புக் குதிரை முதலாவதாக வந்தது. மொட்லாட்சி அதன்மேல் ஊரைச் சுற்றினான். அண்ணி வீட்டு வாசல் வழியாக இரண்டு முறை.

வழியைப் பனி மூடியிருந்ததால் டாக்டர் தாமதமாகத்தான் வந்தார். குதிரையைப் பார்த்ததும் மொட்லாட்சி பக்கம் திரும்பினார்.

"கத்தி வெக்காதீங்கன்னு தலதலையா அடிச்சுக்கிட்டேனே! யாருய்யா அறுத்தது?"

மாபுலேங் மொட்லாட்சியையே பார்த்தாள்.

"மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள்.

"எலும்பு வரைக்கும் எறங்கிடுச்சும்மா. சுட்டுடறதுதான் அதுக்கு நல்லது."

"மொட்லாட்சி, கயித்தப் புடி," என்றாள். அவனை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

குதிரை யாரையும் கிட்ட விடவில்லை. அவன்தான் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்தான். டாக்டர் சுட்ட குண்டு பாய்ந்ததும் அது அவன் பக்கமே சாய்ந்தது. அவன் குளிருக்குப் போர்த்தியிருந்த போர்வையெல்லாம் ரத்தம்.

மண்வெட்டியை அவன் காலடியில் போட்டாள். உறைந்த மண் கல்லாக இருந்தது. வெட்ட வெட்ட உள்ளங்கை கிழிந்தது, நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி..."

"மொதல்ல குழிய முடி," என்றாள் மாபுலேங்.