கழற்றாத தகடு

வாவிக்கரையில் கிணறு வெட்டியவர்கள் கண்டெடுத்த எலும்புகளை ஆஸ்பத்திரி மேசையில் அடுக்கியிருந்தார்கள். வலது தொடை எலும்பில் ஒரு தகடு, ஆறு ஸ்குரூ. மண் கழுவியதும் பளபளத்தது.

“உங்கட மகன் ரதீஸின் பழைய எக்ஸ்ரேயோடு ஒத்துப்போகுது,” என்றார் சட்ட வைத்திய அதிகாரி.

“இது என்ட மகன் இல்ல,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “அவன்ட தகடு எப்பவோ கரைஞ்சிருக்கும். சொல்லன் புள்ள.”

மகள் தனுஷா தகட்டையே பார்த்தாள்.

சுனாமியில் நாவற்குடா வீட்டுச் சுவர் விழுந்து அண்ணனின் தொடை முறிந்தது. உருக்குத் தகடு வைத்தார்கள். எலும்பு பொருந்தியதும் மறுபடி வெட்டிக் கழற்ற வேண்டும் என்றார்கள். அதற்குள் சண்டை மூண்டது. பாதையும் இல்லை, டொக்டரும் இல்லை. யுத்தம் முடிந்த மாதம், சோதனைச்சாவடியில் ஆமிக்காரரின் உலோகம் தேடும் கருவி அவன் தொடைக்கு நேரே கத்தியது.

“எங்க சண்டை பிடிச்ச?”

“சண்டை இல்ல சேர். சுனாமி.”

“எல்லாருக்கும் சுனாமிதான்.”

சிரித்துக்கொண்டே அவனை ஏற்றிப் போனார்கள். பிறகு அவன் திரும்பி வரவில்லை.

தனுஷா இப்போது கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் மக்னீசியத் தகடு வடிவமைக்கிறாள். எலும்பு சேரும்வரை தாங்கி, பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துவிட வேண்டும். இரண்டாம் வெட்டு இல்லை. அவளுடையவை அவசரப்பட்டுக் கரைந்து, எலும்பு சேருமுன்பே நொறுங்கின. லீவில் வந்தபோது ஒரு துண்டை ஜாம் போத்தலில், இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரில் போட்டுக் காட்டினாள். அது குமிழி விட்டு மெலிந்துபோவதை அம்மா அடுப்படி வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

“அப்ப அவன்ட காலிலயும் ஒண்டும் இருக்காது. இனி அந்த மெஷின் கத்தாது. விட்டிருவாங்க.”

தனுஷா அன்று மறுக்கவில்லை.

“சொல்லன்,” என்றாள் அம்மா மறுபடியும்.

ஓம், கரைஞ்சிருக்கும் என்று சொல்லலாம். அம்மா வீட்டுக்குப் போய் அவனுக்கும் சேர்த்து உலை வைப்பாள். மேசையில் கிடக்கும் இவன் பெயரில்லாமல் ஒரு பெட்டிக்குள் கிடப்பான்.

“அது உருக்கு அம்மா. கரையாது.”

இலட்சுமிப்பிள்ளை மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப என்னத்துக்கடி அந்தப் போத்தலக் காட்டினாய்?”

தனுஷா எலும்பைக் குனிந்து பார்த்தாள். தகட்டுக்கடியில் அது வடிவாகப் பொருந்தியிருந்தது. முறிந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“அதக் கழட்டச் சொல்லு,” என்றாள் அம்மா. “அடக்கம் பண்ணேக்க அந்தச் சனியன் அவனோட போகக் கூடாது.”

“அது எப்படியும் சாட்சியா கோட்டுக்குப் போக வேணும் அம்மா,” என்று அதிகாரி ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

முதல் ஸ்குரூ அசையவில்லை. எலும்பு அதை இறுக்கிப் பிடித்திருந்தது.