கெண்டைக்கால் அளவு

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில், அறுபத்தாறு வயது விஜயலக்ஷ்மிக்கு வலது முழங்கால் மாற்று அறுவை முடிந்து அது மூன்றாம் நாள்.

காலை ஏழேகாலுக்கு நர்ஸ் சபீனா அறைக்குள் நுழைந்தபோது டெட்டால் வாசனையை மீறித் தைலம் மணத்தது. சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு அந்த மணம் எந்த வரிசைக் கடையுடையது என்றுகூடத் தெரியும். ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருந்த இறுக்கமான காலுறை கழற்றப்பட்டுக் கட்டில் கம்பியில் தொங்கியது. விஜயலக்ஷ்மியின் கணவர் பஞ்சாபகேசன், வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஜன்னலோரம் நின்று கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். காலில் எண்ணெய் தேய்த்தீர்களா என்று சபீனா கேட்டாள். இல்லை என்றார். விஜயலக்ஷ்மி மின்விசிறியைப் பார்த்தாள்.

சபீனா பேனாவால் குறியிட்டிருந்த இடத்தில் டேப்பைச் சுற்றிக் கெண்டைக்காலை அளந்தாள். முப்பத்தேழு சென்டிமீட்டர். தோல் சூடாக, இறுகி மினுங்கியது. சார்ட்டில் நேற்றைய கட்டத்தில் அவள் கையெழுத்தில் முப்பத்துநாலு என்றிருந்தது. நேற்று அவள் அளக்கவே இல்லை. அறுவை முடிந்த இருவர் ஒரே நேரத்தில் வார்டுக்கு வந்துவிட, செவ்வாய்க்கிழமை அளவையே பார்த்து எழுதிவிட்டு ஓடியிருந்தாள். இந்த வீக்கம் ஒரு நாளில் வந்ததா, இரண்டு நாளிலா என்று இனி யாருக்கும் தெரியாது.

டாக்டருக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பினாள்.

“சாரே, டாக்டர் முதல்ல இதத்தான் கேப்பாரு. உள்ள ரத்தம் கட்டியிருந்தா, தேச்சா அது நகந்து நெஞ்சுக்கு ஏறிரும். உள்ளதச் சொல்லுங்க.”

பஞ்சாபகேசன் ஸ்டூலில் உட்கார்ந்தார். “வலிக்கறதுன்னு ஒரே முனகல். விடியக்காலம்பற தேச்சேன். கொஞ்சம் அழுத்தியேதான் தேச்சேன், கேட்டேளா.”

“நாப்பது வருஷத்துல இன்னிக்கு ஒருநாள்தான் என் காலப் பிடிச்சார்,” என்றாள் விஜயலக்ஷ்மி. “அதுவும் இப்படி ஆச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. சபீனா அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு இருபது. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றாறு என்று காட்டியது. அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் ஸ்ரீகண்டன் வந்து காலை அழுத்தாமல் தொட்டுப் பார்த்தார். வீக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். பஞ்சாபகேசன் எழுந்து, தப்பு முழுக்கத் தன்மேல்தான், இன்று காலை தான் தேய்த்ததால்தான் வீங்கியது என்றார். சார்ட் சபீனாவின் கையில் விரிந்திருந்தது. கிழவர் சொன்னதோடு அவள் விட்டுவிட்டால் நேற்றைய முப்பத்துநாலு முப்பத்துநாலாகவே இருந்துவிடும்.

“நேத்து நான் அளக்கல, சார்,” என்றாள். “முந்தின நாள் நம்பரப் பாத்து எழுதினேன்.”

டாக்டர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு ஸ்கேனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பஞ்சாபகேசன் கம்பியைத் தொடாமல், எண்ணெய் காயாத விரல்களை விரித்தபடியே லிஃப்ட் வரை கூடவே நடந்தார்.

பதினொன்றரைக்கு முடிவு வந்தது. முழங்காலுக்குப் பின்னால் உள்ள சிரையில் ரத்தக்கட்டி இருந்தது. நுரையீரலில் எதுவும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தின் அளவு கூட்டப்பட்டது. வீட்டுக்கு அனுப்புவது தள்ளிவைக்கப்பட்டது. பிற்பகலில் சபீனாவுக்கு மெமோ தரப்பட்டது. புதன்கிழமைக் கட்டத்தில் முப்பத்துநாலு அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘அளக்கவில்லை’ என்று எழுதப்பட்டது.