ஷிக்குஷிக்கு என்றுதான் சொன்னார்

"வயிறு எப்படி வலிக்குது? ஷிக்குஷிக்குன்னு இருக்கா, கிரிகிரின்னு இருக்கா?" என்று கேட்டாள் டாக்டர்.

"ஷிக்குஷிக்குதான் டாக்டர். லேசா இருக்கு, அவ்வளவுதான்" என்றார் கென்சாக்கு, கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஸுமியேவுக்குப் பகீர் என்றது. ஷிக்குஷிக்கு என்றால் அழுமூஞ்சிக் குழந்தை மாதிரி மந்தமாக நச்சரிக்கிற வலி. கிரிகிரி என்றால் உள்ளே துளைபோட்டுக் குடைகிற வலி. எங்கள் ஊர் டாக்டர்கள் முதலில் நம்புவது இந்தச் சத்தங்களைத்தான். வீட்டில் குளியல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கிரிகிரி என்றுதானே மனுஷன் முனகினார்!

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. காலமெல்லாம் சாமிப் பல்லக்கின் பின்தண்டிலேயே தோள் தேய்ந்த லாரிக்காரர் கென்சாக்குவுக்கு இந்த வருஷம்தான் முன்தண்டு கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டால் அது போச்சு. அதற்காக வலியைக்கூடவா குறைத்துச் சொல்வார்கள்? எங்கள் மோஜி ஊர் ஆண்கள் சொல்வார்கள். செத்த பிறகும் எழுந்து, சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற ஜாதி.

டாக்டர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க ஸுமியேவுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மருந்துக்கடைப் பெண், மருந்து கொடுக்குமுன் எல்லாரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டாள். "வலி எப்படி இருக்குங்க?"

"ஷிக்கு..." என்று அவர் தொடங்கினார்.

"கிரிகிரி!" என்று கத்தினாள் ஸுமியே. கடையே திரும்பிப் பார்த்தது. "பொய் சொல்றாரும்மா. முந்தாநாள் தொட்டியிலேர்ந்து எழுந்திருக்கவே முடியலை."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? நாலு பேர் முன்னால மானத்தை வாங்குற!"

"உங்க மானத்தை வச்சு நான் கஞ்சியா காய்ச்சறது?"

கடைப் பெண் டாக்டருக்கு போன் போட்டாள். உடனே திரும்பி வரச் சொன்னார்கள். வழியெல்லாம் கென்சாக்கு மனைவிக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தார்.

டாக்டர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். "திருவிழாவா? நானும் இந்த ஊர்க்காரிதான். சொல்லுங்க, கிரிகிரிதானே?"

கென்சாக்கு தரையைப் பார்த்தார். "இல்லை டாக்டர். இவகிட்ட சொன்னதும் குறைச்சுத்தான். பயந்துடுவாளேன்னு. எந்தச் சத்தமும் ஒத்துவரலை. நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

டாக்டர் போனை எடுத்து, படுக்கை ஒன்று தயார் செய்யச் சொன்னாள். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாளே ஸுமியே, அவளுக்கும் கிடைத்தது பொய்தான்.

"எப்போலேர்ந்துங்க?" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அதற்குள் அவருக்கு மறுபடியும் வலி வந்தது. அவள் விரல்கள் நொறுங்கிவிடும்போல இறுக்கினார். எப்படி வலிக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.